ஸ்கூட்டருக்கு ஆயில் கூலர் தேவையா? மாட்டும் முன் ஒப்பிட வேண்டிய வழிகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "வண்டி ரொம்ப ஹீட் ஆகுது, ஆயில் கூலர் ஒண்ணு மாட்டிக்கலாமா?" இன்ஜின் ஆயிலை வெளியே எடுத்து, சின்ன ரேடியேட்டர் மாதிரியான ஒன்றில் காற்றால் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் பாகம்தான் ஆயில் கூலர். கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. நாள் முழுக்க சென்னை வெயிலில் டெலிவரிக்கு ஓடுகிறவர். பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறையின் 40 வளைவுகளையோ ஏறுகிறவர். சிலிண்டர் கிட் மாற்றி போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) பெரிதாக்கியவர். முதல் இருவருக்கும் பெரும்பாலும் கூலர் வேண்டியதில்லை, வேறு வேலை இருக்கிறது. மூன்றாமவருக்குத் தேவைப்படலாம். அதுவும் அவருடைய இன்ஜினில் ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இங்கே பேசுவது ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ், வெஸ்பா போன்ற 110 முதல் 150 சிசி வரையிலான ஏர்கூல்ட் ஸ்கூட்டர்களைப் பற்றி. பைக்கைப் போல இவற்றின் இன்ஜின் எதிர்க்காற்றில் நிற்பதில்லை. மின்சாரம் தரும் மேக்னட்டோவோடு சேர்ந்து சுற்றும் விசிறி காற்றை இழுத்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஷ்ரவுடுக்குள் (உறைக்குள்) தள்ளி, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஃபின்களின் ஊடாக வெளியேற்றுகிறது. இந்த ஒரு வித்தியாசம்தான் கூலர் பற்றிய கணக்கையே மாற்றுகிறது. பைக்கில் மெதுவாகப் போனால் காற்று குறையும். ஸ்கூட்டரிலோ சிவிடி (தானாகவே கியர் விகிதம் மாறும் பெல்ட் அமைப்பு) இருப்பதால் மேட்டில் மெதுவாக ஏறும்போதும் ஆர்பிஎம் உயர்ந்தே நிற்கும், விசிறியும் அதே வேகத்தில் சுற்றும். ஆகவே "மலையில் காற்று பத்தவில்லை" என்ற முடிவு பைக்குக்குப் பொருந்துகிற அளவுக்கு ஸ்கூட்டருக்குப் பொருந்தாது.

முதலில் அளவு, பிறகு செலவு

காலில் சூடு படுகிறது, சைலன்சரில் வாடை வருகிறது, இழுவை குறைகிறது என்பதெல்லாம் அறிகுறிகள்தான், அளவு அல்ல. அரை மணி நேரம் நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற மாதிரியே ஓட்டிவிட்டு, நிறுத்தி, இன்ஜினை அணைத்த ஒரு நிமிடத்துக்குள் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சியை) கழற்றி, அந்த ஓட்டை வழியாக வெப்பம் அளக்கும் மெல்லிய கே-டைப் புரோபை ஆயிலில் நனையும்வரை இறக்கிப் பாருங்கள். மல்டிமீட்டரோடு வரும் புரோபே போதும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வேலை கூடாது. உள்ளே சுற்றும் பாகத்தில் ஒயர் மாட்டிக்கொள்ளும்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நேராக அலுமினியத்தில் காட்டினால், பளபளப்பான உலோகம் என்பதால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அளக்கிற இடத்தில் கறுப்பு மேட் ஹீட் பெயிண்டை ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி, காய்ந்தபின் எப்போதும் அதே இடத்தில் காட்டிப் பாருங்கள்.

சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் இடத்தில்) ஆயில் 80 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலமாக இருக்கிறது. கத்திரி வெயிலிலும் இந்த எல்லைக்குள் நிற்கும் வண்டிக்கு எந்தக் கூலரும் எதையும் சேர்த்துத் தராது. 110-ஐத் தாண்டி 125 வரை போனால் ஷ்ரவுட், ஆயில் இரண்டையும் கவனித்தாலே கீழே இறங்கும். அவற்றைச் சரிசெய்த பிறகும் 130-க்கு மேலேயே நிற்கிறது என்றால்தான் கூலர் பேச்சை எடுக்க வேண்டும். ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 110-ல் ஓடுவதற்கும் 130-ல் ஓடுவதற்கும் ஆயிலின் ஆயுளில் நான்கு மடங்கு வித்தியாசம் வரும்.

எதிர்ப்பக்க எல்லையையும் மறக்கக் கூடாது. 80-க்குக் கீழேயே எப்போதும் நின்றால் ஆயிலில் சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேறாது. ஃபில்லர் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படியும். தேவையில்லாத வண்டிக்குக் கூலர் மாட்டினால் பெரும்பாலும் முதலில் தெரிவது இதுதான்.

முதல் வழி: இருக்கிற விசிறியை வேலை செய்ய விடுவது

அதிகம் செலவில்லாதது, ஆனால் அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான். சர்வீஸில் யாரும் ஷ்ரவுடைத் திறப்பதில்லை. 30,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் வலது பக்க விசிறிக் கவரைக் கழற்றி, விசிறியை எடுத்து, இரண்டு பாதி ஷ்ரவுடையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். ஹெட்டை மூடும் டேப்பட் கவரின் ஓரிங்கில் (ரப்பர் வளையத்தில்) கசிந்த ஆயிலும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ஃபின்களுக்கு நடுவே களிமண் மாதிரி இறுகியிருக்கும். அதுவும் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி, அதாவது ஹெட்டின் (சிலிண்டரின் தலைப்பகுதியின்) மிகச் சூடான இடத்தில். சில வண்டிகளில் குளவிக்கூடு இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியானால் எலி கொண்டுவந்து சேர்த்த துணியும் பஞ்சும் இருக்கும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நோண்டினால் ஃபின் உடையும். கசிவுக்குக் காரணமான ஓரிங்கையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் பழைய நிலைமைக்கே வந்து நிற்கும்.

பிறகு ஷ்ரவுடின் மூட்டுகள். முந்தைய மெக்கானிக் போடாமல் விட்ட ஒரு ஸ்க்ரூ, உடைந்த ஒரு கிளிப், பிளக் கேபைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் சீல் என்று எது இல்லாவிட்டாலும், காற்று எளிதான வழியாக வெளியேறிவிடும், ஃபின்களுக்குள் போகாது. விசிறியின் இறக்கை ஒன்று உடைந்திருந்தால் காற்றும் குறையும், அதிர்வும் வரும். ஒட்டவைக்க முயலாமல் கம்பெனி விசிறியையே வாங்கிப் போடுங்கள்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை: பின் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, வால்வ் கிளியரன்ஸ் இறுகிவிட்டதா, கார்ப்பரேட்டர் வண்டியானால் இன்டேக் மேனிஃபோல்டில் விரிசல் வழியே காற்று கசிந்து கலவை லீன் ஆகிறதா, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைகிறதா. லீன் கலவையால் வரும் சூடு ஹெட்டிலும் பிஸ்டன் தலையிலும் வருவது. ஆயிலை எவ்வளவு குளிர்வித்தாலும் பிஸ்டன் சீஸ் ஆவதை (சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடுவதை) அது தடுக்காது.

சூடு இன்ஜினில்தானா?

மலையேறும்போது ரப்பர் கருகும் வாடை வந்து, வண்டி நடுங்கி, இழுவை குறைந்தால் அது பெரும்பாலும் இடது பக்கச் சூடு. அதாவது சிவிடி பெட்டியில் பெல்ட் வழுக்குகிறது, அல்லது கிளட்ச் ஷூ பளபளத்துப்போய் டிரம்மில் பிடிமானம் இல்லாமல் தேய்கிறது. கொண்டை ஊசியில் நடை வேகத்துக்கு இறங்கி, பாதி த்ராட்டிலில் இழுத்து ஏற்றும்போது கிளட்ச் முழுவதும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். 70 வளைவில் 70 முறை இது நடந்தால் டிரம் நீலம் பாய்ந்துவிடும். சிவிடிக்கு இன்ஜின் ஆயிலோடு சம்பந்தமே கிடையாது. உலர்ந்த பெட்டி அது. பின் சக்கரத்தின் கியருக்கும் தனியாக 100 முதல் 120 மில்லி கியர் ஆயில் இருக்கிறது. ஆயில் கூலர் இவை எதையும் தொடுவதில்லை.

எனவே கூலர் விலையை விசாரிக்கும் முன் கிக் கேஸை (இடது பக்க சிவிடி மூடியை) திறந்து பெல்ட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். ரோலர்களில் தட்டையான இடம் விழுந்திருக்கிறதா என்று உருட்டிப் பாருங்கள். சிவிடிக்குத் தனிக் காற்று ஃபில்டர் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். கிளட்ச் ஷூவை 120 நம்பர் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, டிரம்மைத் துடைத்து மாட்டுங்கள். "ஹீட் ஆகுது" என்று வரும் மலைப்பாதை வண்டிகளில் கணிசமானவை இங்கேயே குணமாகிவிடும்.

இரண்டாம் வழி: ஆயிலை மாற்றுவது

இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை பிடிக்கும் ஆயில் 700 முதல் 900 மில்லிதான். அதில் 250 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். மிச்சமுள்ள ஆயில் அடிக்கடி சுற்றிவந்து கூடுதலாகச் சூடேறும். "ஹீட்" என்று வரும் டெலிவரி வண்டிகளில் முதலில் சோதிக்க வேண்டியது அளவையே. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். ஹோண்டாவில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரிந்து ஏமாற்றும்.

கிரேடு விஷயத்தில், 100 டிகிரியில் 30 கிரேடின் பிசுக்கு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை. கம்பெனி 10டபிள்யூ-30 என்று சொன்ன வண்டியை, தேய்மானம் உள்ள நிலையில், கோடை நான்கு மாதம் மட்டும் 10டபிள்யூ-40 சிந்தடிக்கில் ஓட்டுவது நியாயமான மாற்றம். மைலேஜ் கொஞ்சம் குறையும். சூட்டில் ஆயில் படலம் உடையாமல் நிற்கும். ஸ்கூட்டரின் கிளட்ச் உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாதது) என்பதால் ஜாசோ எம்பி ஆயில் ஒத்துப்போகும். ஜாசோ என்பது டப்பாவில் அச்சிட்டிருக்கும் ஜப்பானியத் தரக் குறியீடு. பைக்குக்கான எம்ஏ ஆயிலை ஊற்றினாலும் கெடுதல் இல்லை. எம்பி தரும் குறைந்த உராய்வு கிடைக்காது, அவ்வளவுதான். இன்னும் பிசுக்கான 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்களைக் கேட்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், ஹெட்டில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை ஆயில் ஏற நேரமாகும். தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்தச் சில நொடிகளில்தான்.

டெலிவரி வண்டிக்கு எந்தக் கூலரைவிடவும் பலன் தருவது ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைப்பது. வெயில், நின்று நின்று ஓடுவது, தூசி மூன்றும் சேர்ந்தால் அது கடும் பயன்பாடு. அட்டவணையில் உள்ள கிலோமீட்டரில் பாதியில் மாற்றுங்கள். 800 மில்லி ஆயிலும் ஒரு வாஷரும் ஆகிற செலவுதான்.

மூன்றாம் வழி: கூலர்

சரி, அளந்தாயிற்று, ஷ்ரவுட் சுத்தம், ஆயில் புதிது, சிவிடி நலம். அப்படியும் 130-க்கு மேலேயே நிற்கிறது. இது பெரும்பாலும் போர் பெரிதாக்கிய, கம்ப்ரஷன் ஏற்றிய வண்டியாகத்தான் இருக்கும். எரிக்கும் பெட்ரோல் கூடிவிட்டது. விசிறியும் ஃபின்களும் பழைய அளவிலேயே இருக்கின்றன.

கூலர் எவ்வளவு வெப்பத்தை எடுக்கும்? ஒரு லிட்டர் ஆயில் ஒரு டிகிரி குறைய ஏறக்குறைய 1.7 கிலோஜூல் வெளியேற வேண்டும். கூலர் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடி, 10 டிகிரி குறைந்து திரும்பினால், நிமிடத்துக்கு 34 கிலோஜூல், அதாவது 570 வாட் போகிறது. முழு த்ராட்டிலில் 8 குதிரைசக்தி தரும் இன்ஜின் சக்கரத்துக்கு அனுப்புவது 6 கிலோவாட். ஏறக்குறைய அதே அளவு வெப்பம் ஹெட், சிலிண்டர் வழியே வெளியேறியாக வேண்டும். ஆகவே நன்றாக வேலை செய்யும் கூலர்கூட அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் சுமக்கும். ஆனால் ஆயில் வெப்பத்தைப் பொறுத்தவரை அந்தப் பத்தில் ஒன்றே 15, 20 டிகிரி இறக்கப் போதும். மாறாக, நிமிடத்துக்கு 300 மில்லி மட்டுமே கூலருக்குப் போனால், 20 டிகிரி குறைந்து வந்தாலும் 170 வாட்தான். அந்தக் கூலர் அலங்காரப் பொருள்.

எனவே கூலரின் அளவோ பிராண்டோ அல்ல, ஆயிலை எங்கிருந்து எடுத்து எங்கே திருப்பிவிடுகிறோம் என்பதே முதல் கேள்வி.

*திருகு ஃபில்டர் உள்ள இன்ஜின்.* வெஸ்பாவின் இன்ஜின் வரிசை போல, டப்பா வடிவ ஃபில்டரைத் திருகி மாட்டும் வகைகளில் வேலை சுத்தம். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் ஒன்று உட்காரும். பம்பிலிருந்து வரும் முழு ஆயிலும் கூலருக்குப் போய் வந்து ஃபில்டருக்குள் நுழையும். மரை அளவை ஃபில்டர் பெட்டியில் பார்த்து, பிளேட்டை அதற்கேற்ப வாங்க வேண்டும். பிளேட்டின் கனத்தால் ஃபில்டர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். சைலன்சருக்கும் ஸ்பீட் பிரேக்கருக்கும் இடம் விட்டிருக்கிறதா என்று வாங்கும் முன்பே அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் உள்ள பிளேட் கிடைத்தால் அதையே எடுங்கள். 80 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட் காலைக் குளிரிலும் மழையிலும் ஆயிலைக் கூலருக்கு அனுப்பாமல் வைத்திருக்கும்.

*மூடிக்குள் காகித ஃபில்டர் உள்ள இன்ஜின்.* ஆக்சஸ் 125 போன்றவை. ஃபில்டர் மூடிக்குப் பதிலாக இரண்டு துளை உள்ள மூடியை லேத்தில் கடைந்து போடலாம். ஃபில்டரின் வெளிப்பக்கம் வரும் ஆயிலும் நடுத்துளை வழியே போகும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் ஓரிங்தான் இதில் உயிர்நாடி. அது சரியாக உட்காரவில்லை என்றால் ஆயில் கூலருக்குப் போகாமல் குறுக்கே ஓடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஃபில்டர் மூடி கடைவதில் கைப்பழக்கம் உள்ள லேத் கடைக்கு மட்டுமே இந்த வேலையைக் கொடுங்கள்.

*சல்லடை மட்டும் உள்ள இன்ஜின்.* பழைய ஆக்டிவா 110 இந்த வகை. வெளியே ஃபில்டர் கிடையாது, உள்ளே கம்பி வலைச் சல்லடைதான். அழுத்தத்தோடு வரும் ஆயிலை எடுக்க வேண்டுமானால் ஹெட்டுக்குப் போகும் வழியில் கை வைக்க வேண்டும். இந்த இன்ஜின்களின் கிராங்க் பால் பேரிங்கிலும் நீடில் பேரிங்கிலும் சுற்றுகிறது. அதற்குத் தெறிக்கும் ஆயிலே போதும். கேமும் ராக்கரும் அப்படியல்ல. அவை வரும் ஆயிலை நம்பியே இருக்கின்றன. ஹெட் வழியில் டி இணைப்பு போட்டு ஒரு கிளையைக் கூலருக்கும் அங்கிருந்து சம்ப்புக்கும் விட்டால், ஐட்லிங்கில் ஆயில் எளிதான வழியையே தேடிக் கூலருக்குப் போய்விடும், கேம் காயும். அதைத் தடுக்க கிளையில் 1.5 மில்லிமீட்டர் துளை கொண்ட ரெஸ்ட்ரிக்டர் போட்டால் கேம் பிழைக்கும். ஆனால் கூலருக்குப் போவது மேலே சொன்ன 170 வாட் கதைதான். இந்த வகை இன்ஜினுக்குக் கூலர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

*தனி எலெக்ட்ரிக் பம்ப்.* டிரெய்ன் போல்ட்டிலிருந்து (ஆயில் வடிக்கும் அடி போல்ட்டிலிருந்து) எடுத்து, பம்ப் வழியாகக் கூலருக்கு அனுப்பி, ஃபில்லர் மூடியில் திருப்பிவிடுவது. இன்ஜினின் சொந்த ஆயில் பாதையைத் தொடாததால் காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கும். நடைமுறையில் டிரெய்ன் போல்ட்டில் தொங்கும் ஃபிட்டிங்தான் வண்டியில் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம். ஒரு ஸ்பீட் பிரேக்கரில் உரசினால் ஒட்டுமொத்த ஆயிலும் ரோட்டில். ஹோஸ் நழுவினால் பம்ப் மிச்சத்தையும் இறைத்துக் கொட்டிவிடும். 3 முதல் 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கும் சின்ன சார்ஜிங் காயிலுக்கும் அந்தப் பம்ப் ஒரு சுமை. ரேஸ் ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு வேண்டுமானால் சரி.

"யுனிவர்சல்" என்று போட்டு ஆன்லைனில் வரும் கிட்களில் பல, சீன, தைவான் ஸ்கூட்டர்களில் உள்ள ஜிஒய்6 150 இன்ஜினை மனதில் வைத்துச் செய்தவை. அந்த இன்ஜினுக்குக் கிராங்க்கேஸ் கவர் முதல் பம்ப் வரை மாற்றுப் பாகம் கிடைக்கும். நம்மூர் வண்டிகளில் அந்த அடாப்டர்கள் உட்காராது. படத்தைப் பார்த்து வாங்கினால் கூலர் கோர் (ஆயில் ஓடிக் குளிரும் பகுதி) மட்டும்தான் பயன்படும்.

கோருக்கு வேறு வழியும் உண்டு. பல்சர் 220, அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி இரண்டும் கம்பெனியிலிருந்தே ஆயில் கூலரோடு வந்தவை. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பாகச் சந்தைகளில் தேடலாம். வாங்கினால் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று கொடுத்து, தண்ணீர் வாளியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சீஸ் ஆன வண்டியிலிருந்து வந்த கூலரில் உலோகத் துகள் நிறைந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது. அதன் வரலாறு தெரியாவிட்டால் புதிதே வாங்குவது மேல்.

எங்கே மாட்டுவது?

ஸ்கூட்டருக்கே உரிய தலைவலி இங்கேதான். பைக்கில் இன்ஜின் ஃபிரேமில் நிலையாக நிற்கிறது. ஸ்கூட்டரில் இன்ஜினும் பின் சக்கரமும் ஒரே துண்டாக ஷாக் அப்சார்பரோடு மேலும் கீழும் ஆடுகின்றன. கூலரை ஃபிரேமில் மாட்டினால் ஒவ்வொரு குழிக்கும் ஹோஸ் மடங்கி நிமிரும். இன்ஜினிலேயே மாட்டினால் ஹோஸ் பிழைக்கும், ஆனால் அதிர்வு முழுவதும் கூலரின் பிராக்கெட்டுக்குப் போய் வெல்டிங் விரியும்.

இரண்டில் ஃபிரேமே மேல். ஹோஸை இன்ஜின் ஆடும் அச்சுக்கு, அதாவது ஹேங்கர் போல்ட்டுக்கு அருகே கடத்துங்கள். அங்கே அசைவு குறைவு. சீட்டில் இருவரை உட்கார வைத்து முழுவதும் அமுக்கியும், சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போதும் ஹோஸ் இழுபடாமல், எதையும் உரசாமல் இருக்க வேண்டும்.

காற்று எங்கே கிடைக்கும்? முன் சக்கரத்துக்குப் பின்னால், லெக் ஷீல்டின் அடியில் நல்ல காற்று வரும், கல்லும் சேறும் சேர்ந்தே வரும். வலை கட்ட வேண்டும். அங்கிருந்து இன்ஜினுக்குப் போக ஒரு மீட்டருக்கு மேல் ஹோஸ் வேண்டும், அதுவும் இரண்டு. ஃப்ளோர்போர்டின் அடியில் காற்று சுமார், ஹோஸ் குட்டை, பெரும்பாலான வண்டிக்கு இதுவே சமரசம். விசிறியின் வாயில் மட்டும் மாட்டாதீர்கள். பார்க்க ரொம்பப் பொருத்தமாகத் தெரியும் இடம் அது. கூலரைத் தாண்டி வந்த சூடான, குறைந்த காற்றுதான் பிறகு சிலிண்டருக்குப் போகும். ஆயில் வெப்பம் இறங்கும், ஹெட் வெப்பம் ஏறும்.

ஹோஸ் எதுவும் பின் டயரின் நேர்மேலேயோ சைலன்சருக்கு அருகிலோ போகக் கூடாது. டயரில் ஆயில் கசிந்தால் அடுத்த வளைவில் வண்டி படுத்துவிடும். சைலன்சர் பெண்டில் கசிந்தால் தீ.

8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் மீட்டருக்கு 50 மில்லி ஆயில் பிடிக்கும். இரண்டு மீட்டரும் சின்னக் கோரும் சேர்ந்தால் 200 மில்லி வரை கூடும். 800 மில்லி இன்ஜினுக்கு இது கால் பங்கு கூடுதல், அதுவே ஒரு நன்மை. பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ், கேஸ் ஹோஸ் எதுவும் உதவாது. ஜேசிபிக்கு ஹோஸ் பிரஸ் செய்து தரும் ஹைட்ராலிக் கடையில், ஆயிலுக்கென உள்ள, 150 டிகிரி தாங்கும் ஹோஸைக் கேட்டு, முனையில் பாஞ்சோ ஃபிட்டிங்கோடு (துளை போல்ட்டால் இறுக்கும் வளைய இணைப்போடு) பிரஸ் செய்து வாங்குங்கள். கிளிப் போட்டு இறுக்குவது நாள்பட நழுவும். மேலே ஸ்டீல் பின்னல் உள்ள ஹோஸ் பளபளவென்று இருக்கும். உரசுகிற ஒயரிங்கையும் பிளாஸ்டிக்கையும் ரம்பம் போல அறுத்துவிடும் என்பதால் ரப்பர் உறை அவசியம்.

மாட்டும்போது

கூலரின் இரண்டு முனைகளும் மேல்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் காற்று உள்ளே தங்காது, இன்ஜினை அணைத்தபின் ஆயிலும் சம்ப்புக்கு வடியாது. முனை கீழ்நோக்கி, அதுவும் இன்ஜினைவிட உயரத்தில் இருந்தால் இரவில் ஆயில் முழுவதும் இறங்கி, காலையில் டிப்ஸ்டிக் கூடுதல் அளவு காட்டும். அதை நம்பி ஆயிலை எடுத்துவிட்டால் ஓடும்போது குறையும்.

பாஞ்சோ போல்ட் ஒவ்வொன்றுக்கும் செம்பு வாஷர் இரண்டு, ஃபிட்டிங்கின் இருபுறமும். நடுவே துளை உள்ள போல்ட் என்பதால் சாதாரண போல்ட்டைப் போல இறுக்கினால் முறிந்துவிடும். எம்10 அளவுக்கு 15 நியூட்டன் மீட்டரை ஒட்டி நிறுத்துங்கள். இன்ஜின் கேஸில் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் கேஸைக் கழற்றி, மேசையில் வைத்துப் போடுங்கள். வண்டியில் வைத்தே டிரில் பிடித்தால் அலுமினியத் துகள் நேராகப் பம்புக்குள் போகும்.

கூலரையும் ஹோஸையும் மாட்டும் முன்பே ஆயிலால் நிரப்புங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, கேபுக்குள் செருகி, உலோகத்தில் எர்த் படும்படி வைத்து, பிஎஸ்6 (2020 முதல் வந்த புகை விதிக்கான, இன்ஜெக்ஷன் உள்ள) வண்டியானால் பெட்ரோல் பம்ப் சாக்கெட்டையும் பிடுங்கிவிட்டு, கிக்கரால் முப்பது, நாற்பது உதை உதையுங்கள். கிக்கர் இல்லாத வண்டியில் செல்ஃபை ஐந்து ஐந்து நொடியாக அழுத்துங்கள். டேப்பட் கவரைத் திறந்து கேமில் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் ஐட்லிங், அணைத்து மூன்று நிமிடம் பொறுத்து, குறைந்த ஆயிலை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் மிகுதி ஆயில் பிரீதர் (இன்ஜினின் காற்றுப் போக்கிக் குழாய்) வழியே ஏர் ஃபில்டருக்குப் போய்ச் சேரும்.

பிஎஸ்6 வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஹோண்டாவின் ஏர்கூல்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் ஆயில் வெப்ப சென்சாரையும் பார்த்துத்தான் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத கூலரால் ஆயில் 60, 70 டிகிரியிலேயே நின்றுவிட்டால், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி அது கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். மைலேஜ் இறங்கும், பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். வாரன்டி இருக்கும் வண்டியானால் அதுவும் போய்விடலாம். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவது கம்பெனியில் இல்லாத இந்தப் பாகத்தைப் பற்றித்தான்.

யாருக்கு எது?

டெலிவரி வண்டி என்றால் ஷ்ரவுட் சுத்தம், கோடையில் 40 கிரேடு சிந்தடிக், பாதி இடைவெளியில் ஆயில் மாற்றம், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக். கூலர் வேண்டாம். கூலரின் ஒரு கசிவு ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும்.

மலைப்பாதை வண்டி என்றால் முதலில் சிவிடி, பிறகு ஷ்ரவுட். கூலர் வேண்டாம்.

போர் பெரிதாக்கிய, திருகு ஃபில்டர் உள்ள வண்டிக்குத் தெர்மோஸ்டாட் சாண்ட்விச் பிளேட்டோடு சின்னக் கூலர் தாராளமாகப் போடலாம். காகித ஃபில்டர் வண்டிக்கு நல்ல லேத் கடை கிடைத்தால் மட்டும். சல்லடை இன்ஜினில் போரைப் பெரிதாக்கிவிட்டு இப்போது சூடு தாங்கவில்லை என்றால், பழைய சிலிண்டரையே திரும்ப மாட்டுவதுதான் குறைந்த செலவு. அதற்கு மனம் வராதவர்கள் கூலர், ஹோஸ், லேத் கூலி, சிலிண்டர் கிட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, வண்டியை விற்றால் வரும் தொகையையும் சேர்த்து, யமஹா ஏராக்ஸ் 155 போன்ற லிக்விட் கூல்ட் ஸ்கூட்டரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் வாரன்டியோடு சேர்ந்தே வருகின்றன.

கூலர் போட்டவர்கள் முதல் 50 கிலோமீட்டரிலும் பிறகு 500-லும் எல்லா பாஞ்சோவையும் துணியால் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டி, ஈரம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். ஆயில் மாற்றும்போது சம்ப்பை மட்டும் வடித்தால் கூலரிலும் ஹோஸிலும் உள்ள 200 மில்லி பழைய ஆயில் அப்படியே தங்கிவிடும். அதனால் வடிந்ததை அளந்து, அதே அளவு மட்டும் ஊற்றுங்கள். இரண்டு மாற்றத்துக்கு ஒருமுறை ஹோஸ்களைக் கழற்றி, கூலரையும் கவிழ்த்து வடியுங்கள். அப்போது மறுபடியும் நிரப்பி, பிளக்கைக் கழற்றி உதைக்கும் வேலையைத் தவிர்க்க முடியாது.